காற்றுக்கு நின்ற வேலி

ஜூன் 9

காலையில் சைட்டில் போய் இறங்கியபோது வேலியில் பாதி ரோட்டில் கிடந்தது. ஒரு தகரம் எதிரே இருக்கும் வாழைத் தோப்புக்குள் பறந்து போய், குலை தள்ளிய வாழைகளை இடுப்போடு அறுத்துப் போட்டிருந்தது. தோப்புக்காரர் ஒரு குலையைச் சுமந்துகொண்டு வந்து என் முன்னால் போட்டார். "வாழையோட போச்சு. ஆளு நின்னிருந்தா என்னம்மா செய்வே?" என்று கேட்டார். குலையை லேபர் ஷெட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று எனக்குப் புதிதில்லை. பிறந்ததிலிருந்து இதைத்தான் தின்று வளர்ந்தேன். மேற்கே இரண்டு மலைக்கு நடுவில் நெருக்குப்பட்டு, கிழக்கே பொட்டலுக்கு வந்ததும் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி பாயும். காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நாங்கள் பெரிய ரோட்டின் மேற்கு ஓரத்தில் சுரங்கப்பாதைப் பாலத்துக்காகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருக்கிறோம். இருபதடி ஆழம். பள்ளத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது அந்த நீலத் தகர வேலி மட்டும்தான். அதை நிற்க வைப்பது பாதுகாப்பு சூப்பர்வைசரான என் பொறுப்பு.

புராஜெக்ட் மேனேஜர் மயில்சாமி சார் ஈரோட்டுக்காரர். காரை விட்டு இறங்காமல் கண்ணாடியைப் பாதி இறக்கினார். "ஏனுங்க பியூலா, நட்டு வெச்சா நிக்கோணும். நிக்கலீன்னா நட்டது சரியில்லீன்னுதான அர்த்தம்?" கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். மண் உள்ளே போய்விடும் அல்லவா.

வீட்டில் தங்கை ஷெர்லினின் நர்ஸ் யூனிபார்ம் மொட்டைமாடிக் கொடியிலிருந்து பறந்து பக்கத்து வீட்டு முருங்கையில் தொங்கியது. மரம் ஏறியது நான்தான்.

ஜூன் 13

நான்கு நாளாக வேலிதான். மூன்றில் ஒரு தகரத்தைக் கழற்றிவிட்டுக் கம்பி வலைப் பலகை மாட்டியாயிற்று. தகரம் முழுதாக இருந்தால் காற்றுக்கு அது சுவர்; தள்ளிவிட்டுத்தான் போகும். வலையிருந்தால் ஊடே போய்விடும். ஒவ்வொரு பலகைக்கும் பள்ளத்துப் பக்கமிருந்து சாய்வாக ஓர் இரும்பு முட்டு. முட்டின் கீழ்முனை கான்கிரீட் கட்டையில் உட்கார்ந்து, ஓர் ஆப்பு அதை இறுக்கிப் பிடிக்கும். காற்று ரோட்டுப் பக்கம் தள்ளும்போது முட்டு பிடித்து இழுக்கும். ஒரு முட்டு விட்டால் பக்கத்து முட்டு தாங்கும். அடுத்தடுத்து இரண்டு ஒரே நேரத்தில் விட வாய்ப்பே இல்லை.

லட்சுமண் மாஜி ஒடிசாக்காரர்களின் மேஸ்திரி. முப்பது ஆட்கள் அவன் பேச்சுக்குத்தான் எழுந்திருப்பார்கள். இங்கே வந்து ஐந்து வருடமானதில் தமிழ் பேசுகிறான். ஆப்பு அடித்து அடித்துக் கை கொப்பளித்துப் போனதில் எரிச்சல். "மேடம், வேலிக்கு இவ்ளோ கஷ்டம். பாலத்துக்கு எவ்ளோ?" என்றான். "பாலம் விழுந்தா பத்து வருஷம் கழிச்சு விழும். இது நாளைக்கே விழும்" என்றேன். அவன் மனைவி சாவித்திரி, வாழைக்காயில் ஏதோ கடுகு அரைத்து ஊற்றிச் சமைத்துத் தந்தாள். நாக்கு எரிந்தது. மறுபடி வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 14

ஒன்றும் விழவில்லை.

ஜூன் 22

இன்று காலை காற்று என்னையே தள்ளிப்போட்டது. கட்டையில் இடித்து இடது கைச் சுண்டுவிரல் முறிந்தது. ஷெர்லின்தான் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டாள்.

மத்தியானம் டீக்கடை முன்னால் ஒரு தகராறு. லட்சுமணின் ஆட்களில் சின்னவன் கோபிந்த், செல்போனில் வீட்டுக்கு வீடியோ காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். ஊர்ப் பையன்கள் நாலைந்து பேர், தங்கள் பெண்களைப் படம் பிடிக்கிறான் என்று அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துப்போட்டு மிதித்தார்கள். நான் ஓடிப்போய் நடுவில் விழுந்தேன். ஒருவன் என் தோளைப் பிடித்துத் தள்ளினான். முறிந்த விரலோடு அந்தக் கையாலேயே அவனை ஓர் அறை விட்டேன். விரல் வலியே அப்போது தெரியவில்லை.

சாயங்காலம் ஷெர்லினிடம் சொன்னேன். "ஒனக்கு கோவம் வந்தா கண்ணு தெரியாதுக்கா. சின்னதிலேயே அப்படித்தான்" என்றாள். நான் கோபக்காரி இல்லை. அநியாயம் கண்ணுக்கு முன்னால் நடந்தால் யாருக்கும் கை நீளத்தான் செய்யும்.

ஜூலை 2

ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழாக் கமிட்டித் தலைவர் தாணுலிங்கம் வந்தார். கூடவே அவர் தம்பி நீலகண்டன். நீலகண்டனை எனக்குத் தெரியும். காலையில் பைக்கில் பால் கேன் கட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் பால் ஊற்றுகிறவன். சிரித்த முகம். அண்ணன் அப்படியில்லை, அவர் பேசினால் மற்றவர்கள் கேட்க வேண்டும்.

ஆடிக் கொடைக்கு பேனர் கட்ட வேண்டுமாம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, எங்கள் வேலியில். நான்கு பலகை நீளம், வேலியைவிட ஓர் ஆள் உயரம் கூடுதல்.

"அண்ணாச்சி, அந்த இடத்துல வலை போட்டிருக்கதே காத்து போறதுக்குத்தான். அத மூடிட்டீங்கன்னா வேலி நிக்காது" என்றேன்.

"வருஷா வருஷம் காத்து அடிக்கி. வருஷா வருஷம் நாங்க பேனர் கட்டுகோம். எந்த பேனர் விழுந்திருக்கு?"

"நீங்க புளியமரத்துல கட்டுனீங்க. மரம் நிக்கும்."

"அந்த மரத்த வெட்டுனது ஆரு? ஒங்க கம்பெனிதானே?"

மரத்தை வெட்டியது நாங்கள்தான். இருந்தாலும் முடியாது என்றே சொன்னேன். தாணுலிங்கம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க ஊரு ரோட்டுல நின்னுக்கிட்டு எங்களுக்கே எடமில்லங்கியா? செரி" என்று போய்விட்டார். நீலகண்டன் பின்தங்கி, "தப்பா எடுத்துக்கிடாதீங்கக்கா. அண்ணனுக்குப் பேசத் தெரியாது" என்றான்.

ஜூலை 4

மயில்சாமி சார் கூப்பிட்டார். பேனர் கட்ட விட வேண்டுமாம்.

"சார், விழும்."

"ஊரைப் பகைச்சுட்டு இங்க ஒரு கூடை மண்ணு அள்ள முடியாதுங்க பியூலா. கொடை முடிஞ்சா கழட்டிருவாங்க. பத்து நாளு."

"பத்து நாளு இந்தக் காத்துக்கு ரொம்ப ஜாஸ்தி சார். நானும் கட்ட மாட்டேன், என் ஆளுங்களும் கட்ட மாட்டாங்க."

"நீங்க கட்ட வேண்டாமுங்க. அவங்களே கட்டிக்குவாங்க. நீங்க அந்தப் பக்கம் பாக்காம இருந்தாப் போதும்."

ஜூலை 5

பார்க்காமல் இருக்க முடியவில்லை. தாணுலிங்கம் தானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். நீலகண்டன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டான். அம்மன் படம், சுற்றிலும் கமிட்டிக்காரர்களின் முகங்கள், நடுவில் தாணுலிங்கம் கும்பிட்டபடி. துணிக்குள் அங்கங்கே அரைவட்டமாகக் கீறிவிட்டால் காற்று கொஞ்சம் போகும் என்றேன். "எந்த மூஞ்சியில கீறணும்? அதச் சொல்லு" என்று கேட்டார் தாணுலிங்கம். எல்லோரும் சிரித்தார்கள்.

நீலகண்டன் மட்டும், "கொடை முடிஞ்ச அன்னிக்கே நானே வந்து அவுத்துத் தாறேன்க்கா" என்றான்.

அவர்கள் போனபிறகு லட்சுமணும் நானும் அந்த நான்கு பலகைக்கும் மணல் மூட்டை அடுக்கினோம். இருந்த கயிறு எல்லாவற்றையும் கட்டினோம்.

ஜூலை 8

நாள் முழுக்க பேனர் டமடமவென்று அடித்துக்கொள்கிறது. கட்டைகள் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கின்றன. மயில்சாமி சாருக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி மூட்டை அடுக்கினோம். வீட்டுக்கு வந்து தலை அலசினேன். ஒரு படி மண் இருக்கும்.

ஜூலை 11

நீலகண்டன் செத்துப்போனான்.

காலை ஏழரைக்கு மேல் இருக்கும். ஷெட்டில் பாலை ஊற்றிவிட்டு, எனக்குக் கை காட்டிவிட்டு ரோட்டில் ஏறினான். அப்போது ஒரு காற்று வந்தது. முதலில் சத்தம்தான். மலையிலிருந்து லாரி இறங்குவது போல. நான்கு பலகையும், முட்டும், கட்டையும், மூட்டையும் ஒரே துண்டாகக் கிளம்பின. எங்கள் கயிறுகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்ததால் ஒன்றாகவே போயின. பேனர் அவனைப் பைக்கோடு சேர்த்துச் சுருட்டி எதிர்ப்பக்கம் கொண்டுபோய்ப் போட்டது. நான் ஓடிப்போய்த் துணியை விலக்கினேன். வேலிச் சட்டத்தின் குழாய் தாடைக்குக் கீழே போயிருந்தது. பால் கேன் திறந்து ரோடு முழுக்க வெள்ளை. அதற்குள் சிவப்பு ஓடிக் கலப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லட்சுமண் என் தோளைப் பிடித்து உலுக்கும்வரை நின்றேன்.

தாணுலிங்கம் ஊருக்குள்ளிருந்து ஓடி வந்தார். தம்பியைப் பார்த்தார். பேனரைப் பார்த்தார். அதில் அவருடைய முகம்தான் மேலே இருந்தது. தரையில் உட்கார்ந்து ஒரு சத்தம் போட்டார். அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

போலீஸ் வருவதற்குள் அந்தத் துணியை இரண்டு பையன்கள் சுருட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தாணுலிங்கம்தான் கை காட்டினார். நான் பார்த்தேன்.

சப்-இன்ஸ்பெக்டரிடம் பேனர் கட்டியிருந்தது என்று சொன்னேன்.

"எங்க பேனர்?"

அங்கே பேனர் இல்லை. மயில்சாமி சார், "அப்படி ஒண்ணும் எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

அதற்குள் தாணுலிங்கம் எழுந்துவிட்டார். எங்கள் ஷெட்டைப் பார்த்து விரல் நீட்டினார். "வடக்கத்திப் பயலுவ ஒழுங்காக் கட்டல. குடிச்சுட்டுக் கெடந்தானுவ. எனக்க தம்பியக் கொன்னுட்டானுவ." சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

ஜூலை 12

பிரேதப் பரிசோதனை. உடல் நாளைதான் தருவார்களாம். விழுந்த பலகைகளை மறுபடி நிறுத்தினோம். முட்டு இரட்டை, ஆப்பு புதிது. பள்ளம் திறந்து கிடக்கக் கூடாது.

ஷெட்டுக்குப் பால் வரவில்லை. டீக்கடையில் எங்கள் ஆட்களுக்கு டீ இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஜூலை 13

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் மூன்று மணிவாக்கில் நீலகண்டனை எரித்துவிட்டு ஊரே நேராக எங்கள் சைட்டுக்கு வந்தது. இருநூறு பேர் இருப்பார்கள். காலையில் காவலுக்கு நின்ற இரண்டு போலீஸ்காரர்கள் சவ ஊர்வலத்தோடு போனவர்கள் திரும்பவில்லை. மயில்சாமி சார் நாகர்கோவிலில் மீட்டிங் என்று காலையிலேயே போய்விட்டார். நான் ஸ்டேஷனுக்கு போன் செய்தேன். வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். கால் மணி கழித்து மறுபடி செய்தேன். வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள்.

கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டினோம். ஆட்களை ஷெட்டுக்குள் போகச் சொன்னேன். சாவித்திரி காய்ச்சலில் படுத்திருந்தாள். அவளுக்கு மாத்திரை வாங்கப் போன கோபிந்த் மட்டும் வெளியே.

முதலில் கல். தகரத்தில் விழுந்த கல் ஒவ்வொன்றும் வெடி போலக் கேட்டது. பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். வேலி அசையவில்லை. மேற்குக் காற்று எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து அவர்களை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. முட்டுகள் முனகின. ஆனால் நின்றன. ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் கோபிந்தைப் பிடித்துவிட்டார்கள். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தவனைக் காலைப் பிடித்து இழுத்து வந்தார்கள். வலைப் பலகைக்கு அந்தப் பக்கம், என்னிடமிருந்து இரண்டு கை தூரம் இருக்கும், அங்கேதான் போட்டார்கள். நான் பார்க்க வேண்டும் என்றே அங்கே கொண்டுவந்தது போல இருந்தது. ஒருவன் விறகுக் கட்டையால் அடித்தான். வேறொருவன் வயிற்றில் மிதித்தான். கோபிந்த் வேலியின் அடிக்குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மேடம், மேடம்" என்றான். கையை விடுவிக்க விரல்மேல் மிதித்தார்கள். அவன் விடவில்லை.

"அண்ணாச்சி! அவன் ஒண்ணும் செய்யலியே! அந்த பேனரக் கட்டுனது ஆருன்னு ஒங்களுக்குத் தெரியும்!" என்று கத்தினேன்.

தாணுலிங்கம் என்னைப் பார்த்தார். கண் இரண்டும் வெந்துபோயிருந்தன. "எனக்க தம்பிக்க மொகத்த அவனுக்க பொண்டாட்டிக்குக் காட்ட முடியல. மூடியே எரிச்சேன். நீ பேனரப் பத்தியா பேசுக?" என்றார். பக்கத்தில் நின்றவனிடமிருந்து கடப்பாரையை வாங்கினார். கோபிந்தின் தலைக்கு நேராக இரண்டு கையாலும் தூக்கினார்.

நான் முட்டுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சுத்தியலோடு குனிந்திருந்தேன். அந்த நேரம் காற்று ஏறியது. இரண்டு பலகைகள் ரோட்டுப் பக்கம் சாய்ந்தன. சட்டமும் தகரமுமாக, அத்தனை எடையும் நின்றவர்கள்மேல் போய் விழுந்தது. கோபிந்த் அடியோடு ஒட்டிக் கிடந்ததால் அவன்மேல் முழு எடையும் வரவில்லை.

அதன்பிறகு அலறல்தான். கூட்டம் தெறித்து ஓடியது. தகரத்துக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் ஆட்கள் ஷெட்டைத் திறந்துகொண்டு வந்து, அடிக்க வந்தவர்களையே தூக்கி வெளியே எடுத்தார்கள். லட்சுமண் என் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டு போய்த் தன் பெட்டியில் போட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

போலீஸ் வண்டி ஐந்து மணிக்கு வந்தது.

ஜூலை 14

துணி துவைத்தேன். வீட்டுக்குள்ளேயே காயப்போட்டேன்.

ஜூலை 16

ஷெர்லின் வேலை முடிந்து வந்து சொன்னாள். காயம்பட்டவர்கள் ஏழு பேர். சுயம்பு என்ற பையனுக்குப் பாதத்தை எடுத்துவிட்டார்கள். வயது இருபத்திரண்டு. தாணுலிங்கத்துக்கு முதுகெலும்பு முறிந்திருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, இனி வராது. கோபிந்துக்கு விலா எலும்பும் மூன்று விரலும் முறிந்திருக்கின்றன. அதே வார்டில், மூன்று கட்டில் தள்ளிப் படுத்திருக்கிறான்.

"காத்து அந்நேரம் பாத்து அடிச்சுது, இல்லன்னா அந்தப் பையன் தல செதறியிருக்கும்" என்றேன்.

ஷெர்லின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "ஆமா" என்றாள். பிறகு, "அன்னிக்கு ஒனக்கு கண்ணு தெரிஞ்சுதாக்கா?" என்று கேட்டாள். என்ன கேள்வி இது என்று சத்தம் போட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டாள்.

ஜூலை 17

சுயம்பு என்பவன் யார் என்று இன்று தெரிந்தது. டீக்கடை முன்னால் நான் அறைந்த அதே பையன்தான் என்று நினைத்திருந்தேன். இல்லை. இவன் நீலகண்டனின் மச்சினன். நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறவன். சாவுக்காக வந்தவன்.

ஜூலை 19

கோபிந்தைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவனால் பேச முடியவில்லை. கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். வெளியே வரும்போது தாணுலிங்கத்தின் கட்டிலைத் தாண்டித்தான் வர வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

"ஏ பிள்ளே" என்று கூப்பிட்டார்.

நின்றேன். முகம் ஒட்டிப்போய் வேறு ஆளாக இருந்தார். நீலகண்டனின் மனைவி கால்மாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கால்மேல் சுளை ஒன்று விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. அவள்தான் எடுத்தாள்.

"நீ அன்னிக்கே சொன்னே. நான் கேக்கல" என்றார். "எனக்க தம்பியயும் காத்து கொண்டுபோச்சு. என்னயும் காத்துதான் சாச்சுது. அம்மன் செய்ததுன்னு நெனச்சுக்கிடுகேன். அந்தப் பையன நான் அடிச்சிருந்தா இப்ப கொலகாரனாக் கெடந்திருப்பேன். அந்த மட்டுக்கும் காத்து காப்பாத்திச்சு."

அவள் எனக்கு ஒரு சுளை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். படிக்கட்டு வரை கையிலேயே வைத்திருந்தேன். பிறகு என்ன செய்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 20

தலைவலி. லீவு.

ஜூலை 21

லட்சுமணைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

விசாரணைக்கு இன்ஜினியர் ஒருவரை அழைத்து வந்து காட்டியிருக்கிறார்கள். சாய்ந்த இரண்டு பலகையின் முட்டுகளும் வளையவில்லை, கட்டைகள் நகரவில்லை, ஆப்புகள் மட்டும் வெளியே கிடந்தன, இரண்டின் கூர்முனையிலும் கழற்ற அடித்த சுத்தியல் அடி இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். காற்று ஆப்பைக் கழற்றாது. சுத்தியல் லட்சுமணின் பெட்டியில் இருந்தது.

மயில்சாமி சாருக்கு மூச்சு வந்துவிட்டது. "கம்பெனி மேல ஒண்ணும் வராதுங்க. வேணும்னே தள்ளிவிட்டிருக்கறான். நீங்களும் நிம்மதியா இருங்க பியூலா" என்றார்.

சாவித்திரி ஷெட் வாசலில் நின்றிருந்தாள். அழவில்லை. அவளுக்குத் தெரிந்த நாலைந்து தமிழ் வார்த்தையை வைத்துக்கொண்டு, "மேடம் சொல்லு. மேடம் சொன்னா விடும்" என்றாள்.

லட்சுமண் ஜீப்பில் ஏறும்முன் என்னிடம், "வேலி பாத்துக்கோ மேடம், காத்து இருக்கு" என்று மட்டும் சொன்னான்.

ஜூலை 22

ஸ்டேஷனுக்குப் போனேன். வாசல்வரை போனேன். உள்ளே யாரையோ அடிக்கும் சத்தம் கேட்டது. அது லட்சுமணாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

கேஸ் சிலிண்டர் வந்தது. அரிசி களைந்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்துபோனேன்.

ஜூலை 23

ஹாலில் ஒரு பெண் போலீஸ் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறாள். மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளக் கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஷெர்லின் பையில் துணியை மடித்து வைக்கிறாள். வைத்ததையே எடுத்து மறுபடி மடிக்கிறாள். நான் இதை எழுதுகிறேன்.

காலையில் லட்சுமணைச் சைட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எப்படிச் செய்தான் என்று செய்து காட்ட வேண்டுமாம். அதற்காக அதே இடத்தில் இரண்டு பலகையையும் நிறுத்தி ஆப்பு அடித்து வைத்திருந்தோம். ரோட்டை மறித்திருந்தார்கள். ஆனாலும் அந்தப் பக்கம் ஊர்க்காரர்கள் நெருங்கி நின்று பார்த்தார்கள். காற்று நேற்றைவிடக் கூடுதல்.

லட்சுமண் ஜீப்பிலிருந்து இறங்கும்போது ஒரு காலைத் தரையில் ஊன்றவில்லை. வலது கை மணிக்கட்டுக்குக் கீழே பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டுவிட்டான் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். வீடியோ எடுக்க ஒரு போலீஸ்காரர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

"எத்தன அடி அடிச்சே?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"மூணு" என்றான் லட்சுமண்.

"அடி. காட்டு."

சுத்தியலைக் கையில் கொடுத்தார்கள். அவனால் அதைப் பிடிக்க முடியவில்லை. கீழே விழுந்தது. எடுத்தான். மறுபடி விழுந்தது. இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து ஒரு தட்டு தட்டினான். ஆப்பு அசையவில்லை. வலியில் அப்படியே கட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"நடிக்காதலே. எந்திரி" என்று பின்னாலிருந்து ஒருவர் முதுகில் உதைத்தார்.

நான் போய் அவன் கையிலிருந்து சுத்தியலை வாங்கினேன். அவன் விடவில்லை. "மேடம், வேண்டாம்" என்றான், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி. "எனக்குப் பரவாயில்ல." விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

"மேடம், நீங்க தள்ளி நில்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் நிமிர்ந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களைப் பார்த்து, "எல்லாரும் வெலகுங்க! இன்னும் பின்னால! அந்தக் கொழந்தயத் தூக்குங்க!" என்று கத்தினேன். என் குரலில் என்ன இருந்ததோ, விலகினார்கள். ரோடு காலியாகும்வரை காத்திருந்தேன்.

முதல் ஆப்புக்கு ஓர் அடி. இரண்டு எட்டு வைத்து அடுத்ததற்கு ஓர் அடி. நான் நிமிர்வதற்குள் காற்று மிச்சத்தைச் செய்தது. பலகை இரண்டும் போய் வெறும் ரோட்டில் விழுந்த சத்தம் எதிரே வாழைத் தோப்பு வரை போய்த் திரும்பியது.

செல்போனைப் பிடித்திருந்த போலீஸ்காரர் அதை இறக்கிவிட்டார். இன்ஸ்பெக்டர் விழுந்த தகரத்தைப் பார்த்தார். லட்சுமணின் கையைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னிக்கும் இப்படி வெலகச் சொன்னியளா மேடம்?"

"இல்ல சார்" என்றேன்.